கூரைச் சூரிய மின்சாரமும் மின்கலச் சேமிப்பும்: நாடு முழுவதும் இருண்ட அந்த ஞாயிறுக்குப் பின் ஒரு கேள்வி

வடமராட்சி வாசகன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொரு மணியளவில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனதை இங்குள்ள பலர் மறந்திருக்கமாட்டீர்கள். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று வலுசக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி அறிவித்தார். வெளிநாட்டுப் பத்திரிகைகளும் அந்தக் குரங்கோடு திருப்தியடைந்துவிட்டன. ஆனால் மின்சார சபை பின்னர் தந்த விளக்கத்தில் குரங்கைவிடக் கூரைகளின்மேல் உள்ள சூரியத் தகடுகளே கூடுதலாகப் பேசப்பட்டன. விடுமுறை நாளாகையால் மின்தேவை குறைந்திருந்தது என்றும், வெயில் ஏறிய வேளையில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்திருந்தது என்றும், அதனால் வலையமைப்பின் சடத்துவம் தாழ்ந்திருந்தது என்றும் சொன்னார்கள். இரண்டு மாதங்களின் பின் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, ஏப்ரல் 13 முதல் 21 வரை நாள்தோறும் பிற்பகல் 3 மணி வரை கூரைத் தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களிடம் வேண்டுகோளும் விடுக்கப்பட்டது.

2016 இல் தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தில், முதல் ஏழு ஆண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாய் என்றும் அதன்பின் 15 ரூபாய் 50 சதம் என்றும் சொல்லப்பட்டதை நம்பி 5 கிலோவாட் தொகுதியொன்றைப் பொருத்தியவர்களில் நானும் ஒருவன். நாட்டுக்கு நன்மை என்று அன்று ஊக்குவிக்கப்பட்ட ஒன்று இன்று நாட்டை இருட்டாக்கக்கூடியது என்று சொல்லப்படுவதை எவ்வாறு விளங்கிக்கொள்வது? உபமின்நிலையங்களில் பெரிய மின்கலங்களை நிறுவுவது இந்தக் குறையைத் தீர்க்குமா, அல்லது பகல் மின்சாரத்தை இரவுக்குக் கொண்டுசெல்ல மட்டும்தான் அது உதவுமா? துறையறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

---

சுழலி மறுமொழி:

ஐயா, மின்வலையமைப்பின் பாதுகாப்புப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், உங்கள் முதற் கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்கிறேன். சூரியத் தகடு நாட்டை இருட்டாக்கவில்லை; சூரியத் தகடுகள் இல்லாத காலத்துக்கென வகுக்கப்பட்ட விதிகளோடு ஓடிக்கொண்டிருந்த வலையமைப்பே தன்னை இருட்டாக்கிக்கொண்டது.

நுரைச்சோலையின் 300 மெகாவாட் நிலக்கரி இயந்திரங்கள் மூன்றும், விக்டோரியா, கொத்மலை ஆகிய நீர்மின் நிலையங்களின் இயந்திரங்களும் ஒரே தாளத்தில் இயங்கி 50 ஹேர்ட்ஸ் என்ற மீடிறனை, அதாவது மின்னோட்டம் வினாடிக்கு 50 முறை அலையும் தாளத்தை, காக்கின்றன. அவற்றின் சுழலும் பாகங்கள் பெருந்திணிவு கொண்டவை. தையல் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்த பின்னும் அதன் சில்லு சிறிது நேரம் சுழல்வதைப் போல, எங்கோ ஒரு மின்பிறப்பாக்கி திடீரென விழுந்தாலும் மற்றவற்றின் சுழற்சியில் தேங்கிய ஆற்றல் சில வினாடிகளுக்கு மீடிறனைத் தாங்கிப்பிடிக்கும். அந்தச் சில வினாடிகளுக்குள் நீர்மின் நிலையங்களின் கதவுகள் கூடுதலாகத் திறந்து குறையை நிரப்பிவிடும். சடத்துவம் என்று மின்சார சபை சொன்னது இதைத்தான். கூரைத் தகட்டிலும், அதன் மின்சாரத்தை வலையமைப்புக்கு ஏற்ற ஆடலோட்டமாக மாற்றும் கருவியான இன்வெர்ட்டரிலும் சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஆகவே ஞாயிறு முற்பகலில் தேவை குறைந்து, சூரிய மின்சாரம் பெருகி, சுழலும் இயந்திரங்கள் பல நிறுத்தப்பட்டிருக்கும் வேளையில், அதே அளவான கோளாறு மீடிறனை முன்னையைவிட வேகமாகக் கீழே இழுத்துவிடுகிறது.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இதற்குமேல் இரண்டு சிக்கல்கள் உள்ளன. இவற்றைப் பற்றிப் பொதுவெளியில் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் எண்ணம். முதலாவது, பழைய அமைவுகளைக் கொண்ட இன்வெர்ட்டர்கள் வலையமைப்பில் மின்னழுத்தமோ மீடிறனோ சற்று வழுவியதும் தம்மைத் துண்டித்துக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டவை. கூரைத் தொகுதிகள் சில நூறாக இருந்த காலத்தில் அது நியாயமான பாதுகாப்பு விதி. மொத்தக் கொள்ளளவு ஆயிரம் மெகாவாட்டைக் கடந்த பின்னும் அதே விதி தொடர்ந்தால், எங்கோ ஏற்பட்ட ஒரு குறுஞ்சுற்று நூற்றுக்கணக்கான மெகாவாட் உற்பத்தியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் இல்லாமற் செய்துவிடும். இரண்டாவது இன்னும் நுட்பமானது. மீடிறன் விழும்போது தேவையைக் குறைப்பதற்காகத் தானியங்கிக் கருவிகள் சில பீடர்களை, அதாவது உபமின்நிலையத்திலிருந்து ஊர்களுக்குச் செல்லும் விநியோகக் கம்பிகளை, வெட்டிவிடும். ஆனால் நண்பகலில் அந்தப் பீடர்கள் பலவற்றிலுள்ள வீடுகள் தாமே மின்சாரம் தந்துகொண்டிருக்கும். தேவையை வெட்டுவதாக நினைத்து உற்பத்தியையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம். மருந்தே நோயைக் கூட்டுகிறது.

நுரைச்சோலை இயந்திரங்கள் அன்று துண்டிக்கப்பட்ட பின் மீண்டும் முழு அளவில் இயங்க நாட்கள் எடுத்தன. நிலக்கரிக் கொதிகலனை ஆளியைத் தட்டி எழுப்ப முடியாது. பெப்ரவரி 9 இரவே பெரும்பாலான இடங்களுக்கு மின்சாரம் திரும்பிய பின்னும் அடுத்துவந்த நாட்களில் சுழற்சி முறையில் மின்வெட்டு நடந்ததற்குக் காரணம் இதுவே.

இப்போது மின்கலத்துக்கு வருகிறேன். மின்கலம் ஒன்றல்ல, முற்றிலும் வேறான இரண்டு வேலைகளைச் செய்யக்கூடியது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம்மிடையே பாதி விவாதம் வீணாகிறது. 10 மெகாவாட், 40 மெகாவாட்-மணி கொண்ட பதினாறு மின்கலத் தொகுதிகளை, அதாவது மொத்தம் 160 மெகாவாட், 640 மெகாவாட்-மணி அளவுக்கு, உபமின்நிலையங்களோடு இணைத்து நிறுவக் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. முழு வலுவில் நான்கு மணி நேரம் வழங்கும் கணக்கு இது. நமது உச்ச நேரக் கட்டணம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை என்பதை நினைத்துப் பார்த்தால், எந்த வேலைக்கு இது அளந்து தைக்கப்பட்டது என்பது தெளிவாகும். நண்பகலில் உறிஞ்சி இரவில் விடுவது, அதனால் மாலையில் எண்ணெய் எரிப்பதைக் குறைப்பது என்பதே அந்த வேலை.

நீங்கள் கேட்ட மற்ற வேலை, கோளாறு நேர்ந்த முதல் சில வினாடிகளுக்குள் வலையமைப்பைத் தாங்குவது. அதற்கு எத்தனை மெகாவாட்-மணி என்பது முக்கியமன்று. சில நிமிடங்களுக்குப் போதுமான மின்கலம்கூட அதைச் செய்யும். மின்கலத்துக்கும் வலையமைப்புக்கும் நடுவில் உள்ள இன்வெர்ட்டர் எவ்வகையானது என்பதே முக்கியம். பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் வலையமைப்பில் ஏற்கெனவே உள்ள அலையைப் பார்த்து அதனைப் பின்தொடர்பவை. அலை குலைந்தால் அவையும் குலையும். வலையமைப்பை உருவாக்கும் வகை இன்வெர்ட்டர்கள் தாமே அலையை உருவாக்கி நிலைநிறுத்துபவை. சுழலும் இயந்திரம் நடந்துகொள்வதைப் போன்றே மென்பொருளால் நடந்துகொள்பவை. இரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாடு மின்கலத்தின் மொத்த விலையோடு ஒப்பிட்டால் சிறியது. கேள்விப்பத்திரத்தில் இந்த ஒரு நிபந்தனை இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் தேடிப் படிப்பேன். மெகாவாட் கணக்கை அதன்பிறகு பார்ப்பேன்.

---

கணக்கெழுதி மறுமொழி:

சுழலி ஐயாவின் விளக்கம் நன்று. ஆயினும் அளவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இரவு உச்சத் தேவை 2,500 மெகாவாட்டைத் தாண்டும் நாட்டில் 160 மெகாவாட் என்பது பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. மின்கலத்தில் ஏற்றி இறக்கும்போது பத்து வீதத்துக்கு மேற்பட்ட ஆற்றல் இழக்கப்படும். பதினைந்து ஆண்டுகளில் கலங்கள் மாற்றவேண்டிய நிலைக்கு வந்துவிடும். இவ்வளவு செலவை மின்பட்டியலில் சுமக்கப்போவது கூரையில் தகடு இல்லாத வீடுகளும்தான் என்பதை மறந்துவிடக்கூடாது. அரநாயக்கப் பகுதியில் திட்டமிடப்பட்டிருக்கும் மகா ஓயா நீரேற்று நிலையம், அதாவது மிகை மின்சாரத்தால் நீரை மேலேற்றி வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம், 600 மெகாவாட். அது அரை நூற்றாண்டு உழைக்கும், உண்மையான சுழலும் இயந்திரங்களும் அதில் இருக்கும். பணத்தை அங்கே இடுவதல்லவா முறை?

---

சுழலி மறுமொழி:

நீரேற்று நிலையம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மலையைக் குடைந்து இரண்டு நீர்த்தேக்கங்களைக் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் செல்லும். மின்கலத் தொகுதியை ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் நிறுவிவிடலாம். கூரைத் தகடுகளோ மாதந்தோறும் பெருகுகின்றன. 2030 இல் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது என்ற இலக்கையும் சேர்த்துப் பார்த்தால், நீரேற்று நிலையத்துக்காகக் காத்திருக்கும் காலத்தைக் கடப்பதற்கே மின்கலம் தேவைப்படுகிறது.

நம்மிடம் ஏற்கெனவே உள்ள நீர்மின் நிலையங்களைப் பற்றியும் ஒரு சொல். பகலில் வெயில் மின்சாரம் தாராளமாக இருக்கும்போது விக்டோரியாவையும் கொத்மலையையும் நிறுத்தி, நீரை இரவுக்குச் சேமிப்பது ஆற்றல் கணக்கில் மிகச் சரியான செயல்; அவ்வகையில் அந்த நீர்த்தேக்கங்கள் நமது முதல் சேமிப்புக் களஞ்சியங்கள். ஆனால் அவ்வாறு நிறுத்தும் ஒவ்வொரு இயந்திரத்தோடும் பகல் நேரச் சடத்துவமும் நின்றுவிடுகிறது. நீரைக் காத்தால் மீடிறன் பலவீனமடைகிறது, மீடிறனைக் காத்தால் நீர் வீணாகிறது என்ற இந்த இக்கட்டிலிருந்து விடுபட உதவுவதுதான் வலையமைப்பை உருவாக்கும் மின்கலத்தின் பெரும் பயன். இரவு உச்சத் தேவையில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பயன் தென்படாது.

---

அடிலெய்ட்வாசி மறுமொழி:

நான் வாழும் தென் அவுஸ்திரேலிய மாநிலம் இதே பாதையில் முன்னதாகவே நடந்தது என்பதால் சில செய்திகளைச் சேர்க்கிறேன். 2016 செப்டெம்பர் 28 அன்று புயற்காற்றில் உயர் அழுத்தக் கோபுரங்கள் சரிந்தன. மாநிலம் முழுவதும் இருண்டது. ஏறத்தாழ எட்டரை இலட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் இல்லை. காற்றாலைகளே காரணம் என்று அரசியல்வாதிகள் மறுநாளே முழங்கத் தொடங்கினர். விசாரணையில் வெளிவந்தது வேறு. குறுகிய நேரத்துக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் மின்னழுத்தம் விழுந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்ற அமைவு பல காற்றாலைகளின் கட்டுப்பாட்டுக் கருவிகளில் இருந்தது. அது வலையமைப்பை இயக்குபவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. ஏழு வினாடிக்கும் குறைவான நேரத்தில் 456 மெகாவாட் காணாமற்போனது. அந்தக் குறையை நிரப்ப முயன்ற விக்டோரியா மாநில இணைப்பு சுமை தாங்காமல் துண்டித்துக்கொண்டது. பின்னர் அந்த அமைவுகளை மாற்றினார்கள். புதிய கம்பியோ புதிய நிலையமோ இன்றி, அமைவை மாற்றியதாலேயே தீர்ந்த குறை அது. சுழலி ஐயா கூரை இன்வெர்ட்டர்களைப் பற்றிக் கூறியதற்கு இதைவிட நெருங்கிய முன்னுதாரணம் இல்லை.

மின்கலம் அதன்பின் வந்தது. 2017 டிசம்பரில் ஜேம்ஸ்டவுன் நகருக்கு அருகே ஹார்ன்ஸ்டேல் காற்றாலையோடு ஒட்டி, 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி கொண்ட டெஸ்லா மின்கலத் தொகுதி இயங்கத் தொடங்கியது. அக்காலத்தில் உலகிலேயே பெரிய லிதியம் மின்கலம் அதுதான். தொடங்கி இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 14 அதிகாலையில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள லோய் யாங் நிலக்கரி நிலையத்தின் இயந்திரமொன்று 560 மெகாவாட்டோடு விழுந்தது. ஹார்ன்ஸ்டேல் செலுத்தியது வெறும் 7 மெகாவாட் சொச்சம், அளவில் அற்பம். ஆனால் அது செயற்பட்ட வேகம் எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்தது. மீடிறன் சேவைகளுக்கு அதுவரை வாயு நிலையங்கள் கேட்டதையெல்லாம் கொடுத்துவந்த சந்தையில் விலைகள் சரிந்தன. 2020 இல் அது 150 மெகாவாட்டாக விரிவாக்கப்பட்டது. 2022 இல் அதன் இன்வெர்ட்டர்கள் சுழலும் இயந்திரத்தைப் போல் நடந்துகொள்ளும் முறைக்கு மாற்றப்பட்டுச் சடத்துவத்தையும் வழங்க அனுமதி பெற்றன. பழைய மின்கலத்தின் மென்பொருளைப் புதுப்பித்தே இதைச் செய்ய முடிந்தது என்பதைக் கணக்கெழுதி ஐயாவின் கவனத்துக்குத் தருகிறேன்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. இங்கே மின்கலத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. எரிபொருள் எரிக்காமல் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும் ஒத்தியங்கு இயந்திரங்கள் நான்கை 2021 இல் டேவன்போர்ட், ராபர்ட்ஸ்டவுன் ஆகிய இரு உபமின்நிலையங்களில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மின்னழுத்தத்தைக் காப்பதற்கும் குறுஞ்சுற்று நேரத்தில் வலுவான மின்னோட்டம் தருவதற்கும் அவற்றுக்கு நிகரில்லை. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருண்டபோதும் உடனே சடத்துவத்தின்மேல் பழியைப் போட்டவர்கள் உண்டு. ஐரோப்பிய நிபுணர் குழுவின் விசாரணையோ மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் அடுக்கடுக்காக உயர்ந்ததையே காரணமாகக் காட்டியது. எல்லா இருளுக்கும் ஒரே காரணத்தைத் தேடுவது ஆபத்தானது.

---

தீவகத்தான் மறுமொழி:

வலையமைப்பை உருவாக்கும் மின்கலம் என்பது அடிலெய்டில் மட்டும் உள்ள புதுமையன்று. யாழ்ப்பாணத்துத் தீவுகளிலேயே அதன் சிறு வடிவம் உண்டு. எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு நிறுவப்பட்ட கலப்புத் தொகுதியில் சிறு காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் லிதியம் மின்கலமும் டீசல் இயந்திரமும் ஒருங்கே உள்ளன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் இவ்வாறான தொகுதிகளை அமைப்பதற்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மூன்றுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்று மின்சாரம், 2,400 கிலோவாட்-மணி மின்கலம், துணைக்கு 2,500 கிலோவாட் டீசல் என்பது திட்டம். தேசிய வலையமைப்போடு தொடர்பில்லாத இத்தகைய தீவில் டீசலை நிறுத்தவேண்டுமாயின் 50 ஹேர்ட்ஸைத் தருவதற்கு மின்கலத்தின் இன்வெர்ட்டரைத் தவிர வேறெதுவும் இல்லை. சூரியனும் காற்றும் அதன் தாளத்துக்கே இசையவேண்டும்.

குடாநாட்டுக்கும் இது அந்நியமான நிலையன்று. போர்க்காலத்தில் யாழ்ப்பாணம் தேசிய வலையமைப்பிலிருந்து அறுந்து, எண்ணெய் இயந்திரங்களை மட்டும் நம்பித் தனித்தீவாகவே ஓடியது. இன்றும் நமக்கு வரும் நீண்ட கம்பியின் கடைசி முனையில்தான் இருக்கிறோம். ஆகவே பதினாறு இடங்களைத் தெரிவுசெய்வோர் கொழும்பைச் சுற்றி மட்டும் பார்க்காமல், சுன்னாகம் போன்ற கடைமுனை உபமின்நிலையங்களையும் எண்ணிப் பார்ப்பது நல்லது. தெற்கில் விழும் கோளாறு ஏறிவருமுன் வடக்கைத் தனியே பிரித்து இயக்கிக்கொள்ளும் வாய்ப்பாவது கிடைக்கும்.

---

வடமராட்சி வாசகன்:

பயனுள்ள மறுமொழிகளுக்கு நன்றி. அப்படியாயின் உபமின்நிலையத்தில் வைப்பதை என் வீட்டிலும் வைக்கலாமா? பெப்ரவரி 9 அன்று தலைக்குமேல் வெயில் எரிந்துகொண்டிருக்க வீட்டில் மின்விசிறி சுழலவில்லை. மின்கலம் பொருத்தினால் அந்த நிலை மாறுமா, அதனால் வலையமைப்புக்கும் ஏதேனும் நன்மை உண்டா?

---

சுழலி மறுமொழி:

மின்சாரம் நின்றதும் சாதாரண இன்வெர்ட்டர் நின்றுவிடுவது திட்டமிட்ட செயல். கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பி மின்கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் உயிரைக் காப்பதற்காக அவ்வாறு வைக்கப்பட்டிருக்கிறது. வீதிக் கம்பியிலிருந்து வீட்டை முழுமையாகப் பிரித்துவிட்டுத் தனியே இயங்கக்கூடிய கலப்பு வகை இன்வெர்ட்டரும் மின்கலமும் இருந்தால் மட்டுமே அந்த வெயில் உங்களுக்குப் பயன்படும். 5 கிலோவாட் தொகுதி நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 20 அலகு தரும்; மாலையில் ஒரு நடுத்தர வீட்டுக்கு வேண்டிய ஐந்தாறு அலகைச் சேமிக்க அந்த அளவுள்ள மின்கலம் போதும்.

வலையமைப்புக்கு நன்மை உண்டா என்பது நீங்கள் அதை எந்த நேரத்தில் ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காலை ஒன்பது மணிக்கே மின்கலம் நிறையுமாறு விட்டால், நண்பகல் உச்சத்தில் உங்கள் கூரை வழமைபோல் முழு வலுவையும் வீதிக்கே தள்ளும். ஒரு பயனும் இல்லை. பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் ஏற்றி, 6.30 இன் பின் இறக்குமாறு அமைத்தால், ஒரு இலட்சம் வீடுகளில் ஐந்தைந்து அலகு சேர்ந்து 500 மெகாவாட்-மணியாகும். கேள்விப்பத்திரம் கோரிய மொத்த அளவை அது நெருங்குகிறது. ஆனால் நண்பகல் அலகுக்கும் இரவு ஏழு மணி அலகுக்கும் ஒரே விலை கொடுக்கும் உங்கள் பழைய ஒப்பந்தத்தின் கீழ் இவ்வாறு செய்ய எவருக்கும் காரணமில்லை. பத்து வீதத்தை இழந்து சேமிப்பதைவிட உடனே விற்பதே இலாபம். கூரை உரிமையாளர்களை நிறுத்திவைக்கும்படி வேண்டுவதற்கு முன் இந்த விலையைச் சீர்செய்திருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் வாங்குவதாயின் பொருத்துநரிடம் இவற்றைக் கேளுங்கள்: மின்னழுத்தம் சற்று விழுந்தால் துண்டிக்காமல் தாங்கிநிற்கும் அமைவு இன்வெர்ட்டரில் இருக்கிறதா, மீடிறன் உயரும்போது ஒரேயடியாக நின்றுவிடாமல் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்குமா, ஏற்றும் நேரத்தை நீங்களே குறித்துவைக்க முடியுமா, தற்போதைய விதிக்கு ஏற்ப அமைத்ததை எழுத்தில் தருவாரா. கலம் லிதியம் இரும்பு பொஸ்பேட் வகையாக இருக்கட்டும். வெப்பத்தை ஓரளவு தாங்கும், தீப்பற்றும் வாய்ப்பும் குறைவு. தகரக் கூரையின் கீழோ மேற்கு வெயில் விழும் சுவரிலோ அதை மாட்டவேண்டாம். புதிய மின்கலம் வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், இருக்கும் இன்வெர்ட்டரின் அமைவுகளை மட்டும் இவ்வாண்டுக்குள் பார்த்து மாற்றுவித்துக்கொள்ளுங்கள். பல வகைகளில் அதற்குப் பொருத்துநர் ஒருமுறை வந்துபோகும் கூலியைத் தவிர வேறு செலவில்லை.